முப்பது நாள் தூசி

1

தடதடவென்று ஒரு சத்தம். வீடுதான் இடிகிறது என்று நினைத்து, எழுதிக்கொண்டிருந்ததை அப்படியே போட்டுவிட்டு வாசலுக்கு ஓடினேன். ஒரு லாரி பின்பக்கத்தைத் தூக்கிச் சரளைக்கல்லைக் கொட்டிக்கொண்டிருந்தது. என் வீட்டுக்குத்தான். மாடியில் ஒரு அறை கட்டுகிறேன், உட்கார்ந்து எழுத.

இந்தக் கதை பிறந்தது அங்கே. மறைத்திருந்தால் உங்களுக்குத் தெரியப்போவதில்லை. இருந்தாலும் சொல்லிவிடுகிறேன்: தூசியைப் பற்றி எழுதுகிறவன் தலையிலும் அன்று அதே தூசி.

மூக்கைப் பொத்திக்கொண்டு தெருவைக் கடந்தார் பக்கத்து வீட்டுக்காரர். திட்ட அனுமதி அலுவலகத்தில் அதிகாரி. எதைக் கேட்டாலும் "பாக்கலாம்" என்பார். அலுவலகத்தில் அவர் பெயரே பாக்கலாம் சார். அன்று நின்றார். கல் குவியலையே பார்த்தார். "ஒரு விஷயம் சொல்றேன், கதையா எழுதிக்குங்க. என் பேரு மட்டும் வேணாம்" என்றார்.

2

(முதல் தொடக்கம், அடித்துவிட்டேன்: 'அவர் நேர்மையான அதிகாரி. அன்று கையெழுத்துப் போட்டபோது அவருடைய விரல்கள்...')

அவர் நேர்மையானவரா என்று எனக்குத் தெரியாது. விரல்களையும் நான் பார்க்கவில்லை. அவர் சொன்னபடியே எழுதுகிறேன்.

ஊர் எல்லையில் சரளைக் குவாரி தோண்ட ஒரு கம்பெனி விண்ணப்பித்திருந்தது. அனுமதி கொடுக்குமுன், இப்போதே காற்றில் எவ்வளவு தூசி என்று அளக்க வேண்டும். வாயகன்ற கண்ணாடி ஜாடி ஒன்றை மொட்டை மாடியில் திறந்து வைப்பார்கள். முப்பது நாளில் அதில் விழும் தூசியை எடை போட்டு, குவாரியால் வரப்போகும் தூசியை அதோடு கூட்டுவார்கள். கூட்டுத்தொகை வரம்புக்குள் இருந்தால் அனுமதி. தாண்டினால் இல்லை.

குவாரிக்கு மிக அருகில் இருந்தது அவருடைய அக்கா வீடு. ஜாடியை அங்கே வைத்தார்கள்.

[இங்கே ஒரு குறிப்பு. அக்கா மகளுக்கு இழுப்பு. பள்ளிக்கூடப் பையில் புத்தகத்துக்கு முன்னால் இன்ஹேலரை எடுத்து வைக்கிற பெண். அதனால் அக்கா ஜன்னல் கம்பியைக்கூடத் தினமும் ஈரத்துணியால் துடைப்பார். நீங்கள் டம்ளரைக் கீழே வைப்பதற்குள் அது கழுவப்பட்டிருக்கும். இதை மறந்துவிடாதீர்கள்.]

3

அனுமதியை முடிவு செய்யும் கூட்டத்தில் இவரையும் சேர்த்து ஐந்து பேர். அறிக்கையைப் புரட்டினார்கள். ஜாடியில் தூசி அநேகமாக இல்லை. அக்கா வீட்டு வாசலிலோ, பேருந்து போனால் பின்னால் வருகிறவன் முகம் தெரியாத சாலை. கம்பெனி ஆளுக்கே ஆச்சரியம். குவாரியின் தூசியைக் கூட்டினாலும் வரம்புக்குக் கீழேதான் வந்தது. இவ்வளவு சுத்தமான ஊரில் நாமெல்லாம் வீடு கட்டிக் குடியேறிவிடலாம் என்று தலைவர் சொல்ல, எல்லோரும் சிரித்தார்கள்.

அந்தச் சிரிப்புக்கு நடுவில்தான் பாக்கலாம் சாருக்குப் புரிந்ததாம். அக்கா தினமும் ஜாடியைக் கழுவி வைத்திருக்கிறாள். தம்பி ஆபீஸ் சாமான் அழுக்காக இருக்கலாமா?

சொன்னால் மறுபடி முப்பது நாள். ஜாடியை ஏன் சொந்த அக்கா வீட்டில் வைத்தாய் என்ற விசாரணை. தலைவர் இவரைப் பார்த்து ஏதாவது சொல்ல வேண்டுமா என்று கேட்டார்.

"பாக்கலாம்னு சொல்லக்கூட வாய் வரல சார்" என்றார் என்னிடம். கையெழுத்து மட்டும் வந்திருக்கிறது.

4

முடிவுகளுக்கு வருவோம்.

அவர் எழுந்து உண்மையைச் சொல்கிறார், குவாரி நிற்கிறது. எழுதினேன். வாரப் பத்திரிகைக்கு அளவெடுத்துத் தைத்தது போல இருந்தது. கிழித்துவிட்டேன். அக்கா வீட்டுச் சாலைக்கு அந்தப் பக்கம், குவாரியில் மண்வாரி இயந்திரம் ஏற்கெனவே ஓடுகிறது. என் பேனாவுக்காக அது நிற்காது.

இரண்டாவது: 'ஒருநாள் காலை அந்தப் பெண் மூச்சுக்குத் திணறி...' இல்லை. ஒரு குழந்தையைச் சாகடித்துத் தொடரை முடிக்கும் வித்தை எனக்குத் தெரியும். இரண்டு தடவை செய்திருக்கிறேன். இவள் உயிரோடு, ஜன்னல் சாத்திய அறையில் இருக்கிறாள்.

மூன்றாவது: எழுத்தாளன் தன் வீட்டுக்கு வந்த குவாரிக் கல்லைத் திருப்பி அனுப்புகிறான். என் அறைச் சுவர் ஜன்னல் உயரம் வந்துவிட்டது. மன்னியுங்கள்.

5

ஒன்று மட்டும் இடித்தது. ஞாயிறு தவறாமல் அக்கா வீட்டில் சாப்பிடுகிற மனிதருக்கு, கூட்டம் நடக்கும்வரை எப்படித் தெரியாமல் போயிற்று? கதையில் இப்படி ஓட்டை இருந்தால் வாசகர் கடிதம் வரும். அடைக்கலாம் என்று நேற்று அக்கா வீட்டுக்குப் போனேன்.

நாற்காலியைத் துடைத்துவிட்டு உட்காரச் சொன்னார். நான் செருப்பைக் கழற்றிவிட்டு வருவதற்குள் மறுபடி துடைத்தார். உள்ளே மகள் பாடத்தைச் சத்தமாகப் படித்துக்கொண்டிருந்தாள். நான்கு சொல், ஒரு நிறுத்தம். மூன்று சொல், ஒரு நிறுத்தம்.

ஜாடியைப் பற்றிக் கேட்டேன். பெருமையாகவே சொன்னார்: முப்பது நாளும் கண்ணாடி பளபளவென்று இருந்ததாம். கழுவியதால் என்ன ஆனது என்று நான் சொல்லவில்லை. அந்தத் தைரியம் என்னிடமும் இல்லை. நீங்கள் கழுவியது உங்கள் தம்பிக்குத் தெரியாதாமே என்று மட்டும் கேட்டேன்.

என்னிடம் முடிவு இல்லை. துணியைப் பிழிந்தபடி அக்கா சொன்ன பதில்தான் இருக்கிறது. நீங்களே வைத்துக்கொள்ளுங்கள்.

"தெரியாதுன்னா சொன்னான்? ஞாயித்துக்கிழமை நான் ஜாடியத் தேய்க்கறப்போ, பக்கத்துல நின்னு தண்ணி ஊத்துறதே அவன்தானே."