அறுத்த மேசை

"இன்னும் ஒரே ஒரு வாய், டோட்" என்று மினா கரண்டியை நீட்டினாள். டோட் உதட்டை இறுக மூடிக்கொண்டான். புகைபோட்ட மீனும் உருளைக்கிழங்கும் பாலும் சேர்ந்த சூப் கிண்ணத்தில் பாதிக்கு மேல் அப்படியே இருந்தது. காலையில் வந்த மருத்துவர் வாசலில் நின்று, இன்றைக்கோ நாளைக்கோ என்று தாழ்ந்த குரலில் சொல்லிவிட்டுப் போயிருந்தார்.

"நீ சாப்பிட்டியா?" என்றான் டோட்.

"அப்புறம் சாப்பிட்டுக்கறேன்."

"அப்புறம் என்ன அப்புறம். இதுலேயே ஒரு வாய் எடுத்துக்க. நீ எடுத்தாத்தான் நான் அடுத்த வாய் வாங்குவேன்."

மினா கரண்டியைக் கிண்ணத்தில் போட்டுவிட்டு எழுந்து, சரியாக இருந்த போர்வையை இன்னொரு முறை சரிசெய்தாள்.

டோட் சபையிலிருந்து விலக்கப்பட்டவன். சபையில் இருப்பவர்கள் வெளியே இருப்பவர்களோடு சேர்ந்து சாப்பிடக் கூடாது. கட்டிய கணவனுக்கும் அதே சட்டம்தான். ஊட்டலாமா என்பதையே சபையின் மூத்த சகோதரர் ஹெக்டரிடம் போன வாரம் அவள் கேட்டுவைத்திருந்தாள். "ஊட்டிவிடறது இரக்கம், சிஸ்டர். கூடச் சாப்பிடறது ஐக்கியம். ரெண்டும் வேற வேற" என்று அவர் ஒரு நிமிடம்கூட யோசிக்காமல் சொன்னார். இரக்கத்துக்கும் ஐக்கியத்துக்கும் நடுவே எங்கே கோடு என்று அந்த மனிதருக்குத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் தெரியும்.

டோட் செய்த குற்றம் ஒரு கிண்ணம் சூப். பல வருஷங்களுக்கு முன் ஒரு மார்ச் மாதப் புயலில் அவன் படகின் இன்ஜின் நின்றுபோனது. பக்கத்துத் துறைமுகத்து உயிர்காப்புப் படகுக்காரர்கள் போய் அவனை இழுத்து வந்தார்கள். நீலம் பாரித்துக் கிடந்தவனைத் தங்கள் கொட்டகையில் அடுப்பருகே உட்கார்த்தி, தாங்கள் குடித்த பானையிலிருந்தே ஊற்றிக் கொடுத்தார்கள். அவனும் அவர்களோடு உட்கார்ந்து வயிறாரக் குடித்தான். யாரும் பார்க்கவில்லை. பேசாமல் இருந்திருக்கலாம். அந்த ஞாயிற்றுக்கிழமையே சபையில் எழுந்து, நடந்ததைத் தானே சந்தோஷமாகச் சொன்னான்.

"பாவம்னு அறிக்கை பண்ணுங்க, பிரதர். முடிஞ்சுபோகும்" என்றார் ஹெக்டர்.

"உசிரக் குடுத்தவங்களோட சூப்பு குடிச்சேன். அதப் பாவம்னு சொன்னா அதுதான் பாவம். வெளியாளுங்களோட சாப்பிட்டுட்டிருந்த பேதுரு, நம்மாளுங்களுக்குப் பயந்து பந்தியிலேருந்து நைசா நழுவினப்போ பவுல் மூஞ்சிக்கு நேரா கேட்டாரே, மறந்துட்டீங்களா?"

சபையில் யாரும் வாய் திறக்கவில்லை. மினாவும்தான்.

வீட்டில் ஒரே மேசை. அதில் இருவரும் சாப்பிட்டால் அவளையும் விலக்க வேண்டிவரும் என்று சபையிலிருந்து செய்தி வந்தது. டோட் ரம்பத்தை எடுத்து மேசையை நடுவில் அறுத்தான். அறுத்த பக்கங்களுக்கு இரண்டிரண்டு கால் அடித்து நிறுத்தினான். "எவ்வளவு இடைவெளி விடணுமாம்? கேட்டுட்டு வா. தலைக்கு மேல வெள்ளம் போயாச்சு, இனி சாண் என்ன முழம் என்ன" என்றான். அவள் நிஜமாகவே போய்க் கேட்டுவிட்டு வந்தாள். கை நுழையும் அளவு போதுமாம். அதன்பின் தன் பாதி மேசையிலிருந்து அவள் உப்பு கேட்டால், "கடல் தாண்டி வருது, வரி கட்டு" என்பான். படுக்கையைப் பற்றி ஹெக்டர் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை.

"மினா."

"ம்."

"இங்க யாரும் இல்ல."

அதுதான் உண்மை. கதவு சாத்தியிருந்தது. ஜன்னலுக்கு வெளியே கடல் மட்டும்தான். அவள் கரண்டியை எடுத்தாள், முகர்ந்தாள்கூட. காலையிலிருந்து பச்சைத் தண்ணீர் படாத வயிறு அந்த வாசனைக்குக் கூச்சலிட்டது.

"எனக்குப் பசிக்கல" என்றாள்.

டோட் அவளையே பார்த்தான். கோபம் இருந்திருந்தால் தாங்கியிருப்பாள். "சரி விடு. ஆறிப்போச்சு, எடுத்து வை" என்று சொல்லி, அவளைச் சங்கடப்படுத்த வேண்டாம் என்பதுபோல் கண்ணை மூடிக்கொண்டான். அவள் கிண்ணத்தை அடுக்களையில் வைத்துவிட்டு வந்து கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். சாயங்காலத்துக்குள் அவன் கையும் ஆறிப்போனது.

முதலில் வந்தவள் அவளுடைய தங்கை எஃபி. உலகத்தில் மினாவுக்கு மிஞ்சியிருந்த சொந்தம் அவள் ஒருத்திதான். அழுதாள், கட்டிக்கொண்டாள், பிறகு காதோரமாகக் கேட்டாள்.

"கடைசி வரைக்கும் உறுதியா இருந்தியாக்கா?"

"தன்னோட சேர்ந்து ஒரு வாய் சாப்பிடச் சொல்லிக் கேட்டான். மாட்டேன்னுட்டேன்."

"ஸ்தோத்திரம்" என்றாள் எஃபி, நெஞ்சில் கைவைத்து. மினாவுக்கு அவளை அறைய வேண்டும்போல் இருந்தது. உண்மையில் அறைய வேண்டிய கன்னம் யாருடையது என்றும் தெரிந்திருந்தது.

சபை அவனை அடக்கம் செய்யாது. உயிர்காப்புப் படகின் தலைவன் சாண்டி, தானே போய் மேட்டிலிருந்த ஊர்த் தேவாலயத்தில் பேசி எல்லாம் ஏற்பாடு செய்தான். அந்தத் தேவாலயத்துக்குள் சபையார் காலெடுத்து வைக்கக் கூடாது என்பதால், கணவனுக்காக உள்ளே பாடியபோது மினா சுவருக்கு வெளியே தூறலில் நின்றாள். எஃபி குடை பிடித்தாள். ஹெக்டரும் சபையார் சிலரும் அவளுக்குத் துணையாகக் கொஞ்சம் தள்ளி நின்றார்கள். பெட்டியைக் குழிக்குள் இறக்கும் கயிறுகளைப் படகுக்காரர்கள் பிடித்தார்கள். தலைமாட்டுக் கயிறு நெருங்கிய சொந்தத்துக்கு உரியது. அதையும் சாண்டிதான் பிடித்தான்.

எல்லாம் முடிந்து சபையார் வட்டமாகக் கூடினபோது ஹெக்டர் தொப்பியைக் கழற்றினார். மோசமான மனிதர் இல்லை அவர். கண் கலங்கித்தான் இருந்தது. "நம்ம சகோதரிக்காக ஆண்டவருக்கு நன்றி சொல்லணும். சாகப்போற புருஷன் என்னோட சேர்ந்து ஒரு வாய் சாப்பிடுன்னு கெஞ்சியிருக்கார். அப்பவும் சிஸ்டர் அசையல. இளம்பிள்ளைகள் இதக் கேட்டு வைங்க. இதுதான் விசுவாசம்."

ஆமென் என்றார்கள். பெண்கள் அவளைப் பெருமையோடு பார்த்தார்கள். மினா தலை நிமிராமல் நின்றாள். திருடி அகப்பட்டவளுக்கு மாலை போட்டு ஊர்வலம் விட்டதுபோல் உடம்பெல்லாம் கூசியது. கடவுளுக்காக அவள் அந்தக் கரண்டியைக் கீழே வைக்கவில்லை. இந்த முகங்களுக்குப் பயந்து வைத்தாள். அது அவளுக்குத் தெரியும், டோட்டுக்கும் தெரிந்திருந்தது.

குடையிலிருந்து விலகி அவள் துறைமுகத்தை நோக்கி நடந்தாள். எஃபி ஓடிவந்து கையைப் பிடித்தாள்.

"எங்கக்கா போறே? அங்க படகுக் கொட்டகையில சாப்பாடு போடறாங்க."

"தெரியும்."

"அக்கா, விளையாடாதே. நீ அங்க சாப்பிட்டா நாளைலேருந்து நான் உன் வீட்டுல ஒரு டீ குடிக்க முடியாது. எனக்கு நீ ஒருத்திதான்."

"எனக்கும் நீ ஒருத்திதான், எஃபி" என்று சொல்லிக் கையை மெல்ல விடுவித்துக்கொண்டாள்.

கொட்டகைக்குள் நீள மேசை நிறைய ஆட்கள். டோட்டைப் பற்றிய ஏதோ ஒரு கதைக்குச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். அவளைக் கண்டதும் சிரிப்பு நின்றது. சாண்டி எழுந்தான்.

"எழுந்திரிங்கப்பா எல்லாரும். தட்டை எடுத்துக்கங்க" என்றான்.

நாற்காலிகள் நகர்ந்தன. எல்லோரும் தட்டும் கோப்பையுமாகச் சுவரோரம் போய் நின்றுகொண்டார்கள். சாண்டி ஈரத்துணியால் மேசையின் ஒரு முனையைத் துடைத்து, கழுவிய தட்டில் சாண்ட்விச்சுகளை வைத்து, அவளுக்கு நாற்காலியை இழுத்துப் போட்டான்.

"உக்காருங்க, மினா. உங்க முறை எங்களுக்குத் தெரியும், டோட் சொல்லியிருக்கார். நாங்க இப்படி ஓரமா நின்னு சாப்பிட்டுக்கறோம். நீங்க சங்கடப்படாதீங்க."

அவன் குரலில் குத்தல் துளியும் இல்லை. மினா உட்கார்ந்தாள். அவ்வளவு பெரிய மேசையில் அவள் ஒருத்தி. அவளுக்குத் தொந்தரவாகிவிடக் கூடாது என்று ஆண்கள் சத்தம் வராமல் மென்றார்கள். தன் வீட்டில் இத்தனை வருஷம் டோட் எப்படி உட்கார்ந்து சாப்பிட்டிருப்பான் என்று முதன்முதலாகத் தெரிந்ததுபோல் இருந்தது. உயிரோடு இருந்தவனுக்குச் செய்யாததை இவர்களுக்குச் செய்து என்ன ஆகப்போகிறது என்று ஒரு மனம் சொன்னது. ஒன்றும் ஆகப்போவதில்லைதான்.

தட்டை எடுத்துக்கொண்டு எழுந்து, சுவரோரம் சாண்டிக்கும் இன்னொருவனுக்கும் நடுவே போய் நின்றாள். அவர்கள் விலகி இடம் விட்டார்கள். விட்ட இடத்தை அவள் மறுபடி நெருங்கி நிரப்பினாள். சாண்ட்விச்சை எடுத்துக் கடித்தாள். மென்றாள். பக்கத்தில் சாண்டி ஒரு கன்னம் உப்பியபடி, வாயில் இருப்பதை மெல்லலாமா கூடாதா என்று தெரியாமல் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றான்.