மூன்றாம் பாடம்

மகன் போன பிறகு அந்த வீட்டில் யாரும் யாரிடமும் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. நண்பனின் பிறந்தநாளில் மூக்கு முட்டக் குடித்துவிட்டு பைக்கில் திரும்பியவன், தடுப்புச் சுவரில் மோதி அங்கேயே உயிரை விட்டான். லிஃப்ட் மெக்கானிக்கான அப்பா அதன்பின் பாட்டிலைத் தொடவில்லை. ஆஸ்பத்திரி சலவைக்கூடத்தில் வேலை பார்த்த அம்மா, மிச்சமிருந்த மகளைக் கண்ணில் எண்ணெய் விட்டுக்கொண்டு காத்தாள்.

மகளுக்குப் பதினாறு நடக்கும்போது, பிள்ளைகள் குடியில் விழாமல் பார்த்துக்கொள்வது எப்படி என்று பெற்றோருக்கு நடத்தும் ஆன்லைன் வகுப்பின் லிங்க் ஒன்றைப் பள்ளிக்கூடத்திலிருந்து அனுப்பினார்கள். சாப்பாட்டு வேளையில், துணி உலர்த்தும் மெஷினின் சூடு முதுகில் பட, இயர்போனை மாட்டிக்கொண்டு அம்மா அதைப் பார்த்தாள். பிள்ளையோடு உட்கார்ந்து சாப்பிடுங்கள், சிநேகிதர்கள் யாரென்று கேளுங்கள் என்றது முதல் இரண்டு பாடமும். இதைச் சொல்ல ஒரு வகுப்பா என்றிருந்தது அவளுக்கு.

மூன்றாம் பாடத்தில் ஒரு கேள்வி. வீட்டிலேயே, நம் கண்ணெதிரில் கொஞ்சம் கொடுத்துப் பழக்கினால் பிள்ளைகள் அளவோடு நிற்பார்களா? அம்மா ‘ஆம்’ என்பதைத் தொட்டாள். தவறு என்று வந்தது. அப்படிக் கொடுத்துப் பழக்கிய பிள்ளைகளே பிற்பாடு அதிகம் குடிக்க வாய்ப்பு என்று திரையில் ஒரு பெண் நிதானமாக விளக்கினாள்.

அம்மா இயர்போனைக் கழற்றினாள். மகன் பரீட்சையில் தேறிய அன்று, வெளியில் திருட்டுத்தனமாகக் குடிப்பதற்கு நம் முன்னால் குடிக்கட்டும் என்று முதல் கிளாஸை ஊற்றியது அப்பாதான். அம்மா முணுமுணுத்தாள். பிறகு அவளே கடலையை வறுத்துத் தட்டில் கொண்டுவந்து வைத்தாள்.

இன்று என்ன சொல்லிக் கொடுத்தார்கள் என்று சாயங்காலம் அப்பா கேட்டார். நெட் கிடைக்கவில்லை என்று சமாளித்தாள். மனுஷன் ஏற்கெனவே நொந்து நூலாகிக் கிடக்கிறார். இதையும் அவர் தலையில் போட மனம் வரவில்லை. மறுநாள் அவரே தன் போனில் பார்த்துவிட்டார். வேலைக்குப் போகாமல் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தவர் அருகில் அம்மா போய் உட்கார்ந்தாள்.

“நீ நேத்தே பாத்துட்ட, இல்ல?” என்றார், திரும்பாமல்.

“ஆமா. கடலை வறுத்தது நான்தாங்க.”

மகன் போன பிறகு அன்றுதான் இருவரும் சேர்ந்து அழுதார்கள்.

பிள்ளையிடம் மனம் விட்டுப் பேசுங்கள் என்றது அடுத்த பாடம். மகளை உட்காரவைத்து, இன்டர்வியூவுக்கு வந்தவர் மாதிரி அப்பா பாடத்தில் படித்ததையெல்லாம் ஒப்பித்தார். அவள் குறுக்கே பேசாமல் கேட்டாள்.

“அண்ணன்கிட்டயும் இப்படிப் பேசினீங்களாப்பா?”

“இல்லம்மா. அவனுக்கு ஊத்திக் கொடுத்தேன்.”

அவள் எழுந்து போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். பல நாள் அப்பாவோடு பேசவே இல்லை. அவரும் வற்புறுத்தவில்லை, மிச்சப் பாடங்களை ஒவ்வொன்றாக முடித்தார்.

பிறகொரு மாலை, லிஃப்ட் கதவொன்றைச் சரிசெய்துகொண்டிருந்தவருக்கு மகளிடமிருந்து போன். சிநேகிதி வீட்டில் எல்லோரும் குடிக்க ஆரம்பித்துவிட்டார்களாம்; வந்து கூட்டிப்போக முடியுமா என்று கேட்டாள். கிரீஸ் கையோடு ஓடினார். அவளைத் தன் வேலை வேனிலேயே ஏற்றிக்கொண்டு வீட்டுக்கு வந்தார்.

வீட்டுக்குள் வந்த மகள் முகம் கழுவிச் சாப்பிட உட்கார்ந்தாள். அப்பாவைக் காணோமே என்று அம்மா இறங்கிப் போனாள். அவர் இன்னும் வேனில் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி இருந்தார்.

“அவனும் அன்னைக்கு நம்மளக் கூப்பிடணும்னு நெனச்சிருப்பானா?”

அம்மா மறுபக்கக் கதவைத் திறந்து ஏறி, அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள்.