ஒரு விநாடி மிச்சம்

சனிக்கிழமை காலை பத்து இருபதுக்கு ஒலிப்பதிவுக் கூடம் அவளுக்கு. பத்து நாற்பதுக்கு அடுத்தவர் வந்து கதவைத் தட்டிவிடுவார். இரண்டு வயலின், ஒரு செல்லோ, ஒரு புல்லாங்குழல். அந்த இருபது நிமிடத்துக்குள் மூன்று நிமிடக் காட்சிக்கான இசை பதிவாகிவிட்டால் படிப்பு முடிந்தது. ஆகாவிட்டால் அடுத்த வருடம்தான்.

பட இசை வகுப்பில் அவளுக்கு டெய்லரக்கா என்று பெயர். வயது நாற்பத்தாறு, கூடப் படிப்பவர்களுக்கு அதில் பாதிதான். கணவர் போன மறுவருடம், சின்ன வயதில் கற்ற கீபோர்டை நம்பி, தையலை வாரம் நான்கு நாளாகக் குறைத்துக்கொண்டு சேர்ந்தாள். காரணமும் அவர்தான். கடைசி மாதங்களில் வெளிச்சம் பட்டால் கண் வலிக்கிறது என்று கண்ணை மூடிக்கொண்டே டிவியில் படம் பார்த்தார். "இப்ப யாரோ உள்ள வரப்போறாங்க பாரு" என்பார். வருவார்கள். வயலின்கள் ஓயாமல் உருகினால், "இவங்களே அழுது முடிச்சிடுவாங்க போல, நமக்கு மிச்சம் வைக்க மாட்டாங்க" என்பார். இசை சட்டென்று நிற்கும்போது மட்டும் தலையணையிலிருந்து தலையைத் தூக்குவார். "இப்பதான்டி நெஜமா ஏதோ நடக்குது."

காட்சி தாடியுடையது. தாடி என்பவன் அதே கல்லூரியில் இயக்கம் படிப்பவன். பஸ் நிலையத்தில் ஒரு அப்பா பல வருடம் கழித்து வரும் மகளுக்காகக் காத்திருக்கிறார். பஸ் வருகிறது, எல்லாரும் இறங்குகிறார்கள், மகள் இல்லை. பஸ் நகர்ந்ததும் அந்தப் பக்கம் பெட்டியோடு அவள் நிற்கிறாள். அங்கேதான் புல்லாங்குழல் நுழைய வேண்டும்.

திரையில் படம் ஓடியது. ஓரத்தில் விநாடிகள் எண்களாக ஓடின. நால்வரும் தாளத் தட்டு ஒலிக்கும் ஹெட்போனைக் காதில் மாட்டிக்கொண்டு வாசித்தார்கள். பஸ் நகர்ந்தது, மகள் நின்றாள், அப்பா ஓடிப்போய்ப் பெட்டியை வாங்கினார், இருவரும் நடக்கவே தொடங்கிவிட்டார்கள். குழல் அப்போதுதான் நுழைந்தது.

செல்லோக்காரர் வில்லைத் தூக்கினார். "பொண்ணு வீட்டுக்கே போய்ச் சேந்துட்டா. நாம இன்னும் பஸ் ஸ்டாண்டுல தேடிட்டு இருக்கோம்."

"அக்கா, இது புது கட்," என்றான் தாடி. "காத்திருக்கற எடத்துல பதினோரு விநாடி வெட்டிட்டேன். போன வாரமே ரெண்டு தடவ அனுப்புனேனே."

"எனக்கு ஒண்ணும் வரலையேப்பா."

அவன் போனைக் காட்டினான். அவள் கணவரின் எண். இருபத்திரண்டு வருடமாக எந்தப் படிவத்தைக் கொடுத்தாலும் அவள் கை எழுதும் எண் அதுதான். சேர்க்கைப் படிவத்திலும் அதையே எழுதியிருக்கிறாள். அந்த போன் வீட்டில் நூல்கண்டுகள் இருக்கும் டிராயரில் அணைந்து கிடக்கிறது.

"மெசேஜ் போய்ச் சேராம ஒரு டிக்கோட நிக்குதே, பாக்கலையா நீ?" என்று பட இசை வகுப்பெடுக்கும் சார் தாடியைக் கடிந்துகொண்டார். பிறகு அவளிடம், "பதினாலு நிமிஷம்தான் இருக்கு. அடுத்த வருஷம் பாத்துக்கலாமாம்மா?"

அவள் தாள்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். எந்தச் சட்டை தைத்தாலும் உள்ளே ஒரு அங்குலம் துணி விடுவது அவள் வழக்கம். உடம்பு இளைத்தால் பிடிக்கலாம், பெருத்தால் பிரிக்கலாம். காத்திருக்கும் பகுதியையும் அப்படியே எழுதியிருந்தாள். எட்டுத் துண்டு, ஒவ்வொன்றும் நான்கு விநாடி, எதை எடுத்தாலும் தையல் தெரியாது. 'சொன்னதையே சொல்றியே' என்று சார் போன மாதம் குறைப்பட்டதும் இதைத்தான்.

"சார், பிடிச்சுடலாம்," என்றாள். "மூணு துண்ட அடிச்சா பன்னெண்டு விநாடி."

"பதினொண்ணுதானேக்கா வேணும்?" என்றாள் முதல் வயலின். "ஒரு விநாடி குறையுதே. கடைசி சுரத்த இழுத்துடவா?"

இழுத்தால் சரியாகத்தான் இருக்கும். அவளுக்குத் தலையணையிலிருந்து தலையைத் தூக்கும் கணவர் ஞாபகம் வந்தார்.

"வேண்டாம்மா. பஸ் நகர்ந்ததும் ஒரு தட்டு, அந்த ஒரு விநாடி, யாரும் வாசிக்காதீங்க. அதுக்கப்புறம் குழல்."

நான்கு பென்சில்கள் தாளில் கோடு கிழித்தன. அடுத்த தடவை எல்லாம் ஒழுங்காகப் போய், அந்த ஒரு தட்டில் குழல்காரர் முந்திவிட்டார். "மன்னிச்சுக்கங்க, காலியா விட்டா மூச்சு தானா போயிடுது."

"பரவால்லண்ணே. அந்தப் பொண்ண நீங்களும் தேடுங்க. பாத்தப்புறம் ஊதுங்க."

கடிகாரத்தில் ஐந்து நிமிடம் இருந்தது. மறுபடி பஸ் வந்தது, எல்லாரும் இறங்கினார்கள். வயலின்கள் அப்பாவோடு கழுத்தை நீட்டித் தேடின. பஸ் நகர்ந்தது. கூடத்தில் ஒரு சத்தமும் இல்லை. செல்லோக்காரர்கூட வில்லைப் பிடித்தபடி திரையை நிமிர்ந்து பார்த்தார். பெட்டியோடு மகள் நின்றாள். குழல் நுழைந்தது.

முடிந்ததும் சார் தாளைப் புரட்டிப் பார்த்தார். "நீங்க எழுதுனதுல அந்த ஒரு விநாடி இல்லையேம்மா," என்றார் சார்.

"மிச்சத் துணி சார்."

கதவு தட்டப்பட்டது. வெளியே நடையில் தாடி பின்னாலேயே வந்தான். "அக்கா, அடுத்த படத்துக்கும் நீங்கதான். ஆனா ஒண்ணு, எடுக்கற நம்பரா குடுங்க."

அவள் வாயைத் திறந்தாள். அவர் எண் நாக்கு நுனிக்கு வந்து நின்றது. தன் எண் அவளுக்கு மனப்பாடம் இல்லை.

"உன் நம்பரச் சொல்லுப்பா," என்று கைப்பையைத் திறந்தாள். "நானே கூப்பிடறேன்."

அவன் சட்டைப்பையில் போன் அடித்தது. "வந்துடுச்சுக்கா," என்றான். "என்ன பேர் போட்டு வச்சுக்க?"

"டெய்லர்னு போட்டுடாத," என்றாள் அவள். "துணியத் தூக்கிட்டு வந்துடுவாங்க."