நானூறு கிராம்

சொந்தக்காரர்கள் எல்லோரும் அவரைத் தராசு என்றுதான் கூப்பிடுவார்கள். பார்சல் ஆபீசில் எடை போடுகிற வேலை. தலை நரைத்தது அந்த மேஜையில்தான். பெட்டியைக் கையில் தூக்கினாலே இத்தனை கிலோ, இத்தனை கிராம் என்று சொல்லிவிடுவார். மெஷின் அப்புறம் ஒப்புக்கு ஆமாம் போடும். இந்தப் பழக்கத்தை ஆபீசோடு விட்டால் பரவாயில்லை. காய்கறிப் பையானாலும் சரி, பக்கத்து வீட்டுக் கைக்குழந்தையானாலும் சரி, ஒரு தடவை ஏற்றி இறக்கிப் பார்க்காமல் அந்த மனுஷனுக்குத் தூக்கம் வராது.

அப்படிப்பட்டவர் பெண்டாட்டியோடு மலை ஏறக் கிளம்பினால் என்ன ஆகும்? அதுதான் ஆயிற்று.

அந்த நடைபாதை ஆற்றங்கரையில் தொடங்கி, மலை மலையாக ஏறி இறங்கி, ஒரு கணவாயில் போய் முடிகிறது. ஒரே மூச்சில் நடந்து முடிக்க யாருக்கு லீவு கொடுப்பார்கள்? அவர் மனைவி ஆஸ்பத்திரியில் நர்ஸ். அவளும் அவளுடைய அக்காவும் லீவு கிடைத்தபோதெல்லாம் கொஞ்சம் கொஞ்சமாக நடந்தார்கள். விட்ட இடத்திலிருந்து அடுத்த லீவில் தொடர்வார்கள். ஒவ்வொரு தடவையும், "நீங்களும் வாங்களேன்" என்பாள். "எனக்கு எங்க லீவு? நீங்க போயிட்டு வாங்க" என்பார் இவர். லீவெல்லாம் இருந்தது. நடக்கத்தான் உடம்பு வணங்கவில்லை. போன வருஷம் அக்கா சிறுநீரகம் கெட்டுப்போய்த் தவறிவிட்டாள். கடைசி ஒரு நாள் நடை மட்டும் பாக்கி நின்றுவிட்டது.

"இந்த ஒரு தடவை கூட வாங்க. தனியா என்னால ஆகாது" என்று அவள் கேட்டபோது, இவருக்கு மாட்டேன் என்று சொல்ல வாய் வரவில்லை.

மலையடிவாரத்தில் ஒரு விடுதி. முந்தின நாள் அங்கே வந்து இறங்கியதுமே அவள் பையில் கை வைத்துவிட்டார். பாவம், கெட்ட எண்ணம் ஒன்றுமில்லை. நோயாளிகளைப் புரட்டிப் புரட்டி அவளுக்கு வலது தோள் போய்விட்டது. அது அவருக்கு மனசில் இருந்தது. "டார்ச் எதுக்கு? இருட்டறதுக்குள்ள பஸ்ஸைப் பிடிச்சுருவோம். எடுத்து வை." பெரிய துண்டு போய்ச் சின்னத் துண்டு வந்தது. அவள் சொன்னபடி எடுத்து வைத்தாள். அவளுக்குத் தெரியாதா தன் வீட்டுக்காரரை!

காலையில் அவள் குளிக்கப் போனாள். அவருக்குக் கை சும்மா இருக்குமா? பையைத் தூக்கினார். இன்னும் பொணக்கனம் கனக்கிறதே என்று உள்ளே துழாவினார். அடியில், தலைத்துணிக்குள் சுருட்டி, ஒரு கல். உள்ளங்கை நிறைகிற சாம்பல்நிறக் கூழாங்கல். நேற்றுச் சாயங்காலம் துவைத்துக் காயப்போட்ட தலைத்துணி பறந்துவிடாமல் ஜன்னல் கட்டையில் அதைப் பாரம் வைத்திருந்தாள். துணியோடு கல்லையும் சேர்த்துச் சுருட்டியிருக்கிறாளே, நல்ல ஆளு! சிரித்துக்கொண்டே ஏற்றி இறக்கினார். நானூறு கிராம் தேறும். ஜன்னலுக்குக் கீழே, முற்றத்தில் பதிக்க ஒரு லாரி கூழாங்கல் கொட்டிக் கிடந்தது. அதன்மேல் எறிந்தார். டக்கென்று ஒரு சத்தம், அவ்வளவுதான்.

அவள் வந்து பையைத் தோளில் மாட்டியவள் சட்டென்று நின்றாள். இறக்கி, உள்ளே கையை விட்டுப் பார்த்தாள்.

"பையில கை வெச்சீங்களா?"

"உன் தோளுக்கு நல்லதுதான் பண்ணியிருக்கேன். பேசாம நட, நர்சம்மா."

அவள் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். கண் லேசாகக் கலங்கியது மாதிரி இருந்தது. அப்புறம் சிரித்தாள். "சரிங்க" என்றாள்.

அன்றைக்கு அவள் நடந்த நடை இருக்கிறதே! அக்கா போனதிலிருந்து அவள் இப்படிச் சிரித்து அவர் பார்த்ததில்லை. பனி விலகுகிற சரிவில் சின்னப் பெண் மாதிரி முன்னால் முன்னால் ஓடினாள். இவர் தன் பையைச் சுமந்து புஸ் புஸ்ஸென்று மூச்சு வாங்கிக்கொண்டு பின்னால். குதிகாலில் கொப்புளம் வேறு. அவள் பாறையில் உட்கார்ந்து, அவர் காலை மடியில் தூக்கி வைத்து, பிளாஸ்திரி ஒட்டினாள். "அய்யோ, எல்லாரும் பார்க்கப் போறாங்க" என்று அவர் நெளிந்தார். "இங்க யாரு பார்க்கறது, ரெண்டு காக்காயா?" நடுவில் ஒரு மழை பிடித்து இருவரும் தொப்பலாக நனைந்தார்கள். படிப்பாறையில் அவர் வழுக்கி உட்கார்ந்துவிட்டபோது அவள் கை கொடுத்துத் தூக்கினாள். தூக்கிய கையை விடவில்லை. கல்யாணமான புதுசில்கூட இப்படிக் கை கோத்து நடந்ததில்லையே என்று அவருக்கு ஒரே ஆச்சரியம். எல்லாம் பை லேசான குஷி, நம்ம வேலைதான் என்று அவருக்குத் தலைகால் புரியவில்லை.

மத்தியானம் ஒரு ஊற்றங்கரையில் ரொட்டியைப் பிரித்துச் சாப்பிட உட்கார்ந்தார்கள்.

"அந்தக் கல்லை அக்கா எப்படிப் பொறுக்கினா தெரியுமா?" என்றாள் அவள்.

"எந்தக் கல்லை?"

"சும்மா நடிக்காதீங்க." செல்லமாக அவர் முழங்காலில் ஒரு தட்டு. "முதல் நாள் ஆத்துல இறங்கி ஒரு மணி நேரம் தேடினா. இந்தப் பாதையில நடக்கறவங்க ஆத்துலேர்ந்து ஒரு கல்லை எடுத்துட்டுப் போய்க் கணவாய்க் குவியல்ல வெச்சாத்தான் நடை முடிஞ்சதா அர்த்தம். எங்க தங்கினாலும் ராத்திரி அதைத்தான் ஈரத்துணி மேல வெப்பா. ஆஸ்பத்திரியில கடைசி வாரம் என் கையில குடுத்து, 'மீதியை நீ நடந்து வெச்சுடுடி'ன்னா. அது மேல போய்ச் சேர்ந்தாத்தாங்க எனக்கு மனசு ஆறும்."

கையிலிருந்த ரொட்டியை அவர் கீழே வைத்தார். படுபாவி, என்ன காரியம் பண்ணித் தொலைத்தோம்!

சொல்லிவிடலாமா? சொன்னால் திரும்பி இறங்க வேண்டும். நாளைக்கு அவளுக்கு டியூட்டி. அப்படியே இறங்கினாலும், ஒரு லாரி கல்லில் அந்த ஒன்றை எங்கே போய்த் தேடுவது? இவ்வளவு சந்தோஷமாக இருக்கிறவளிடம் எந்த வாயால் சொல்வது? மேலே போய்ச் சொல்லிக்கொள்ளலாம், மேலே போய், மேலே போய் என்று மனசு நழுவிக்கொண்டே இருந்தது. அவள் பாட்டிலோடு ஊற்றடிக்குப் போனதும், ஓடை ஓரத்தில் குனிந்தார். சாம்பல்நிறக் கல் ஒன்று கிடைத்தது. கையில் ஏற்றி இறக்கினார். பிசகவில்லை, அதே நானூறு. அதைத் தலைத்துணிக்குள் சுருட்டி அவள் பையின் அடியில் செருகினார்.

கிளம்பிக் கொஞ்ச தூரம் போனதும், "என்னங்க, பை மறுபடி கனக்குதே" என்றாள்.

"நடந்த களைப்பு. வேற என்ன?"

அதற்குப் பிறகு ஏறியதெல்லாம் அவருக்கு ஞாபகம் இல்லை. அவள் ஒவ்வொரு சிகரமாகக் காட்டினாள். உம் கொட்டினார்.

கணவாயில் காற்று ஆளைத் தள்ளியது. நடுவில் அந்தக் குவியல். இடுப்பு உயரத்துக்கு ஆற்றுக் கல். எத்தனை பேர் தூக்கி வந்தார்களோ! அவள் பையைக் கழற்றிக் கீழே வைத்தாள். அதைத் திறக்கவில்லை. முகத்தைத் துடைத்துக்கொண்டு அவர் முன்னால் வந்து நின்று, இரண்டு கையையும் சேர்த்து நீட்டினாள்.

"குடுங்க."

"என்னத்தை?"

"கல்லைத்தான். காலைல பையைத் தூக்கினதுமே எனக்குத் தெரிஞ்சுபோச்சு. கல்லு இல்லை, நீங்க வேற சிரிச்சுக்கிட்டு நிக்கறீங்க. எடுத்து உங்க பையில வெச்சுக்கிட்டீங்கன்னு புரிஞ்சது." நீட்டிய கையை அவள் மடக்கவில்லை. "அக்கா அதைப் பொறுக்கின அந்த முதல் லீவு முடிஞ்சு வந்ததுமே உங்ககிட்ட சொன்னேன். நீங்க பேப்பர்லேர்ந்து தலையைத் தூக்கவே இல்லை. இந்த மனுஷன் காதுல எதுவும் ஏறாதுன்னு எத்தனை நாள் அழுதிருக்கேன் தெரியுமா? கேட்டிருக்கீங்க. அதைத்தான் காலைலேர்ந்து நெனைச்சு நெனைச்சு நடந்தேன்."

உன் பையில்தான் இருக்கிறது, எடுத்துப் பார் என்ற பொய் நாக்கு நுனி வரை வந்தது. நீட்டின அந்தக் கைகளைப் பார்த்ததும் அது வெளியே வரவில்லை.

"நான் கேக்கலை" என்றார். "சத்தியமா எதுவும் கேக்கலை. துணியோட தவறி வந்த கல்லுன்னு நெனைச்சு முற்றத்துல தூக்கிப் போட்டுட்டேன்."

அவள் கைகள் கொஞ்ச நேரம் அப்படியே நீட்டியபடி இருந்தன. அப்புறம் இறங்கின. கத்துவாள், அழுவாள் என்று காத்திருந்தார். கத்தியிருந்தால் எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும். பை மறுபடி கனத்தது அவளுக்கு ஞாபகம் வந்திருக்க வேண்டும், குனிந்து பையைத் திறந்து தலைத்துணியைப் பிரித்தாள்.

"அப்ப இது?"

"ஊத்துக்கிட்ட பொறுக்கினேன்."

அவள் அந்தக் கல்லை உள்ளங்கையில் வைத்து, அவரைப் போலவே, ஒரு தடவை ஏற்றி இறக்கினாள்.

"எடை சரியாத்தான் இருக்கு" என்றாள்.

அதை அவர் கையில் கொடுத்துவிட்டுக் குவியலுக்கு எதிரே போய் உட்கார்ந்தாள். வெயில் மறையும் வரை எழுந்திருக்கவில்லை. பஸ் போய்விடும் என்று சொல்ல அவருக்குத் தைரியம் இல்லை. அந்தக் கல்லைக் குவியலில் வைக்கவும் கை வரவில்லை, கீழே போடவும் கை வரவில்லை.

அந்தி மங்கலில் அவள் எழுந்தாள். கையில் டார்ச் இல்லை. இறக்கத்தில் கால் வைக்கிற இடம்கூடச் சரியாகத் தெரியவில்லை. அவர் அருகில் போய் அவள் பைக்குக் கை நீட்டினார்.

"குடு. நான் தூக்கிக்கறேன்."

"வேண்டாங்க" என்றாள் அவள், திரும்பிப் பார்க்காமல். "இப்ப இதுல கனமே இல்லை."

அவள் முன்னால் இறங்கினாள். அவர் கல்லைக் கையில் வைத்துக்கொண்டு பின்னாலேயே போனார்.