கழிவுநீர்க் குழாய் எந்தப் பக்கம் போகிறது?

லிஃப்ட் மெக்கானிக்குக் கம்பெனியில் ஊமைக்கோட்டான் என்று பேர். முகத்துக்கு நேராகவே அப்படித்தான் கூப்பிடுவார்கள். அதற்கும் அவர் ஒரு வார்த்தை திருப்பிச் சொன்னதில்லை. வாயைத் திறந்தால் முத்து உதிர்ந்துவிடும் என்கிற மாதிரியே இருபது சொச்சம் வருஷம் ஒரு பெண்ணோடு குடித்தனம் நடத்திவிட்டார். பிள்ளைகுட்டி கிடையாது. வீட்டில் கேட்ட சத்தமெல்லாம் அவள் சத்தம்தான்.

அந்தப் பெண் ஒரு நாள் காலையில், வேறு ஊரில் மருந்துக்கடையில் வேலை கிடைத்திருக்கிறது என்று சொல்லிவிட்டு இரண்டு பெட்டிகளோடு கிளம்பினாள். அவர் பெட்டிகளைத் தூக்கிக்கொண்டு போய் வாசலில் வைத்தார். சண்டையும் இல்லை, சச்சரவும் இல்லை. ஒரு சண்டையாவது போட்டிருக்கலாமே என்று பிற்பாடுதான் தோன்றியது. அவருக்கு எல்லாமே பிற்பாடுதான் தோன்றும்.

இரண்டு மழைக்காலம் போனபின் அவள் போன் செய்து, வீட்டை விற்றுவிடலாமா என்று கேட்டாள். வீடு இருவர் பேரிலும் இருந்தது. அவர் தலையாட்டினார். போனில் தலையாட்டினால் யாருக்குத் தெரியும்? “என்னங்க, இருக்கீங்களா?” என்று அவள் கேட்ட பிறகுதான் “ம்” என்றார்.

அச்சகத்துக்கு மேல் மாடியில் வக்கீலம்மாவின் அலுவலகம். கீழே இயந்திரம் ஓடும்போதெல்லாம் மேஜைமேல் இருக்கும் டம்ளர் நடுங்கும். வக்கீலம்மா அதற்கும் மேலே குரல் கொடுத்துப் பழகியவர்.

“வீடு விக்கிறதுன்னா சாவியக் குடுத்துட்டுப் போறதுன்னு நினைச்சுக்காதீங்க. அதுக்கு முன்னாடி வாங்குறவங்க வக்கீல் கேள்வி கேப்பாரு. மதில் யாருது, மராமத்து யார் பண்ணாங்க, வழிப்பாதை இருக்கா, பக்கத்து வீட்டோட தகராறு உண்டான்னு நோண்டி நோண்டிக் கேப்பாரு. தெரிஞ்சதச் சொல்லுங்க. தெரியாட்டி தெரியலன்னு சொல்லுங்க. பொய் மட்டும் சொல்லிடாதீங்க, அப்புறம் நம்ம தலையிலதான் விடியும்.”

முதல் கேள்வி இடப்பக்கத்து மதில் யாருடையது என்பது. அவருக்கு நிஜமாகவே ஞாபகம் இல்லை. அவளுக்குப் போன் செய்தார்.

“நம்மளோடதுதாங்க! அடுத்த வீட்டுக்காரர் என் சேலைய அதுமேல காயப்போடக் கூடாதுன்னு மல்லுக்கு வந்தாரே, மறந்துபோச்சா? நீங்க எங்க வாயத் தொறந்தீங்க? நான்தான் பத்திரத்தத் தூக்கிட்டுப் போய் அவர் மூஞ்சிக்கு நேரா நீட்டினேன். அப்புறம் அந்த மனுஷன் நம்ம பக்கம் திரும்பிக்கூடப் பாக்கல.” சொல்லிவிட்டுச் சிரித்தாள்.

அந்தச் சிரிப்பு அன்று முழுக்க அவர் காதிலேயே இருந்தது. லிஃப்டின் கூண்டுக்கு மேலே குந்தி கம்பிவடத்துக்கு எண்ணெய் தடவும்போதும் இருந்தது. வீடு விற்பதில் இப்படியொரு பலன் உண்டு என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை.

இரண்டாவது கேள்வி, சமையலறை ஜன்னலை மாற்றியது எப்போது என்று. மாற்றியவரே அவர்தான். கட்டை விரலைச் சுத்தியலால் நசுக்கிக்கொண்டதுகூட ஞாபகம் இருந்தது. ஆனாலும், “வீட்டுக்காரியக் கேட்டுச் சொல்றேன்” என்று வந்துவிட்டார். சனி அங்கேதான் பிடித்தது.

வீட்டை விற்கிற எவரும் அந்தக் கேள்விகளைக் கண்டால் பல்லைக் கடிப்பார்கள். இவரோ வக்கீலம்மா எப்போது கூப்பிடுவார் என்று காத்துக் கிடந்தார். போன் செய்வதற்கு முன் முகம் கழுவி, சட்டை மாற்றி, தலை வாரிக்கொண்டார். மாடி மின்விசிறி வீட்டோடு போகிறதா, திரைச்சீலைக் கம்பிகளை விட்டுவிட்டுப் போகிறார்களா, பின்பக்கத்து அறைக்கு அனுமதி வாங்கியிருக்கிறார்களா? ஒவ்வொன்றுக்கும் அவள் ஒரு கதை சொன்னாள். அவர் கேட்டுக்கொண்டே இருந்தார். அவள் இல்லாத வீட்டில் அவள் குரலை மட்டுமாவது கொஞ்ச நேரம் வைத்துக்கொள்ள முடிந்தது. அதற்குமேல் ஆசைப்பட அவருக்குத் தைரியம் இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆசை இருந்தது. பேச்சுத்தான் இல்லை.

இதற்கிடையில் அவர் ஒரு சூட்சுமத்தையும் கண்டுபிடித்துவிட்டார். பதில் சொன்னால் கேள்வி செத்துப்போகிறது. ‘தெரியல’ என்று சொன்னாலோ, ஒரு ‘தெரியல’ மூன்று கேள்வியாகக் குட்டி போடுகிறது.

கழிவுநீர்க் குழாய் எந்தப் பக்கம் போகிறது என்ற கேள்வி அந்தச் சமயத்தில்தான் வந்தது. அவர் அவளிடம் கேட்டார். மரத்தைச் சுற்றி வளைந்து வலப்பக்கமாகத் தெருவுக்குப் போகிறது என்று அவள் பொறுமையாகச் சொன்னாள். மறுநாள் அவர் வக்கீலம்மாவிடம் போய், “தெரியலீங்க. அவளுக்கும் ஞாபகம் இல்லையாம்” என்றார். கூசாமல் சொன்னார்.

சொன்னபடியே கேள்விகள் குட்டி போட்டன. குழாய் பக்கத்து வீட்டு மண்ணுக்கு அடியில் போகிறதா? போனால் அவர்கள் சம்மதம் இருக்கிறதா? நாளைக்கு உடைந்தால் யார் தோண்டுவது? ஒவ்வொன்றுக்கும் ஒரு போன். ஊமைக்கோட்டான் வேலையில் விசிலடிக்கிறார் என்று கம்பெனியில் பேசிக்கொண்டார்கள்.

அப்புறம் ஒரு நாள் வக்கீலம்மா அவரைக் கூப்பிட்டு உட்காரவைத்தார். கீழே இயந்திரம் ஓடவில்லை. டம்ளர் சும்மா இருந்தது.

“வாங்குறவங்க வேற வீடு பாக்கப் போறாங்களாம். வீட்டை வாங்குற பொண்ணு மாசமா இருக்கு. குழந்தை பொறக்கறதுக்குள்ள குடிபோகணும்னு பாக்குறாங்க. எத்தனை நாள்தான் ஒரு குழாய்க்காகக் காத்திருப்பாங்க?”

“போகட்டுங்க. வேற ஆள் வருவாங்க.”

“நீங்க சுலபமாச் சொல்லிட்டீங்க. உங்க வீட்டம்மா கதி என்னாகும்? இந்த வீடு முடியும்னு நம்பித்தான அவங்க அங்க ஒரு வீட்டுக்கு வாக்குக் குடுத்திருக்காங்க? இது நின்னா அதுவும் கைநழுவிப் போயிடும். அந்தப் பக்கத்துல ஏற்கெனவே கெடு வச்சாச்சு.”

அவள் அங்கே ஏதோ வாடகை அறையில் இருக்கிறாள் என்றுதான் இத்தனை நாளும் மெக்கானிக் நினைத்திருந்தார். வாடகை அறையில் இருப்பவள் என்றைக்காவது பெட்டியைக் கட்டலாம். சொந்த வீடு வாங்குகிறவள் எங்கே திரும்பி வருவாள்? தான் சிக்கனமாகச் சேர்த்து வைத்திருந்த நம்பிக்கை முழுக்க அந்த வாடகை அறையில்தான் இருந்தது என்பது அவருக்கு அப்போதுதான் உறைத்தது.

இன்னும் ஒரே ஒரு ‘தெரியல’ சொன்னால் போதும். அவளுக்கு அந்த வீடு கிடைக்காது.

“ஒரு பேப்பர் குடுங்க” என்றார். வீட்டை வரைந்தார், மரத்தை வரைந்தார், மரத்தைச் சுற்றிக் குழாயை வரைந்து தெருவில் கொண்டுபோய் விட்டார். “நம்ம மண்ணுலதான் போகுதுங்க. பள்ளம் தோண்டினதே நான்தான்.”

வக்கீலம்மா படத்தையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தார். “அப்ப இத்தனை நாளா?”

வக்கீலம்மாவுக்குக் கோபம் மூக்குக்கு மேல் வந்தது. வந்த வேகத்திலேயே எங்கேயோ போய்விட்டது. “அடப் பாவி மனுஷா” என்று மட்டும் சொன்னார்.

அதற்கப்புறம் எல்லாம் மளமளவென்று நடந்தது. கையெழுத்து நாளன்று அவள் வந்தாள். முன்நெற்றியில் நரை கூடியிருந்தது, மூக்குக்கண்ணாடி புதிது. அவர் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து, காட்டிய இடத்திலெல்லாம் கையெழுத்துப் போட்டாள். பேனாவை அவர் பக்கம் நகர்த்தினாள். அது சூடாக இருந்தது.

“கடைசியாக் கேக்குறேன். யாருக்காவது ஏதாவது கேள்வி இருக்கா?” என்றார் வக்கீலம்மா. அவரைப் பார்த்துத்தான் கேட்டார். அவர் குனிந்து கையெழுத்துப் போட்டார்.

சாவிக்கொத்தை வாங்கிக்கொண்ட பெண் வயிற்றைத் தாங்கிப் பிடித்தபடி நன்றி சொன்னாள். மழைக்காலத்தில் மாடிக் கதவு இறுகிக்கொள்ளும், கொஞ்சம் தூக்கித் தள்ள வேண்டும் என்று அவளிடம் இருவரும் ஒரே நேரத்தில் சொன்னார்கள். சொல்லிவிட்டு இருவரும் வேறு வேறு பக்கம் பார்த்தார்கள்.

பஸ் நிறுத்தம் வரை அவர் அவளோடு நடந்தார். அவள்தான் பேச்சை எடுத்தாள்.

“குழாய் எந்தப் பக்கம் போகுதுன்னு கேட்டீங்களே. நீங்க தோண்டுறப்ப மழையில குடை புடிச்சிட்டு நின்னது யாருங்க?”

அவர் அசடு வழிந்தார். “தெரிஞ்சுதான் சொன்னியா?”

“ஜன்னல் விஷயத்துலயே தெரியும்.”

“அப்புறம் ஏன் ஒவ்வொண்ணுக்கும் பதில் சொன்ன?”

“நீங்க கேட்டீங்களே” என்றாள். “இத்தனை வருஷத்துல நீங்க என்னை ஒண்ணாவது கேட்டிருக்கீங்களா? சாப்பிட்டியான்னுகூடக் கேட்டதில்ல. அன்னிக்குப் பெட்டியத் தூக்கிட்டு வந்தீங்க. ஏன் போறன்னு கேப்பீங்கன்னு நின்னேன். பஸ் எத்தனை மணிக்குன்னாவது கேப்பீங்கன்னு நின்னேன். பெட்டிய வச்சிட்டு உள்ள போயிட்டீங்க.”

தெருவில் யாரோ சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போனார்கள்.

“கேட்டிருந்தா இருந்திருப்பியா?”

அவள் யோசித்தாள். அவரைச் சமாதானப்படுத்த ஒரு பதில் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

“தெரியலங்க” என்றாள்.

பஸ் வந்தது. அவள் பையை எடுத்துக்கொண்டு முதல் படியில் கால் வைத்தாள். மறுபடி வாசலில் பெட்டியோடு நிற்பதுபோல் இருந்தது அவருக்கு. இனிமேல் அவருக்காகக் கேட்டுக்கொடுக்க எந்த வக்கீலும் இல்லை.

“புது வீட்டுல சமையலறை ஜன்னல் எந்தப் பக்கம் இருக்கு?” என்று கத்தினார். டிரைவர்கூடத் திரும்பிப் பார்த்தார்.

அவள் கம்பியைப் பிடித்தபடி திரும்பினாள்.

“கிழக்க” என்றாள்.

பஸ் கிளம்பிவிட்டது. அவரிடம் இன்னும் இரண்டு கேள்விகள் இருந்தன.