நெஞ்சு ஆப்பரேஷன்

மலேசியாவின் செனாயில் தொழிற்சாலை பஸ் ஓட்டும் அமலதாஸுக்கு மூலம் முற்றி நாலாம் கட்டத்துக்குப் போயிருந்தது. ரப்பர் வளையம் போடும் காலம் தாண்டிவிட்டது என்றார் டாக்டர். மெஷின் வைத்துத் தைத்தால் வலி குறைவு, ஆனால் திரும்ப வரலாம். அறுத்தே எடுத்தால் இரண்டு மூன்று வாரம் வலியில் உயிர் போகும். திரும்ப வருவது அபூர்வம்.

“அறுத்துடுங்க டாக்டர். நான் திரும்ப பஸ்ல உட்காரணும்” என்றார் அமலதாஸ். இருபத்திரண்டு வருடமாக அவருக்குத் தெரிந்த வேலை அது ஒன்றுதான்.

ஊருக்கு என்ன சொல்வது? மூலம் என்றால் சிரிப்பார்கள். மனைவி டொரத்தியிடம், “நெஞ்சு ஆப்பரேஷன்னு சொல்லிடு. அதுக்குத்தான் மரியாதை” என்றார். மனிதன் தன் உடம்புக்குள்ளேயே மேல்சாதி கீழ்சாதி வைத்திருக்கிறான், என்ன செய்ய! டாக்டர் கொடுத்த எம்.சி. லீவு சீட்டில் நோயின் பெயர் இல்லாததும் வசதியாகப் போயிற்று.

சர்ச்சில் அவர் இருதயத்துக்காக ஜெபித்தார்கள். ஆப்பிளும் மைலோவுமாகப் பார்க்க வந்தார்கள். ஒவ்வொருவருக்காகவும் எழுந்து உட்கார்ந்து, வலியைக் கீழே வைத்துக்கொண்டு கையை நெஞ்சில் வைத்துக்கொண்டார். பாவம், அந்த நடிப்புக்கே தனியாக ஒரு மருந்து வேண்டியிருந்தது.

ஆறு வாரத்தில் புண் ஆறியது. சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டு முதலாளி கமலநாதன் முன் போய் நின்றார். அமலதாஸ் ஓட்டிவந்த பஸ்ஸைக் கவின் என்ற புதியவன் ஓட்டிக்கொண்டிருந்தான்.

“ஹார்ட் பேஷண்ட ஸ்டியரிங்ல உட்கார வைக்க முடியாதுண்ணே. பஸ்ல நாப்பது பேரு லா! கேட்ல காவலுக்கு ஜாகா வேலை இருக்கு, பாக்குறீங்களா?”

அமலதாஸ் சட்டைப் பைக்குள் கையை விட்டார். வெட்கத்தை விழுங்கிவிட்டு ஆஸ்பத்திரி கடிதத்தை நீட்டினார். “நெஞ்சு நல்லாத்தான் இருக்கு பாஸ். இதுக்குத்தான் அறுத்தாங்க.”

கமலநாதன் படித்தார். சிரிப்பார் என்று பல்லைக் கடித்துக்கொண்டு நின்றார் அமலதாஸ். முதலாளி சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் தேவலை.

“என் சம்சாரம் உங்களுக்காக மூணு வெள்ளிக்கிழமை விரதம் இருந்தாண்ணே” என்றார் கமலநாதன். கடிதத்தை மடித்துத் திருப்பிக் கொடுத்தார். “இனிமே காலையில பஸ்ஸ எடுக்கும்போது பிரேக் நல்லா இருக்குன்னு நீங்க வந்து சொன்னா, நான் எப்படி நம்புறது?”

இருபத்திரண்டு வருடத்தில் பிரேக் விஷயத்தில் அமலதாஸ் ஒரு பொய் சொன்னதில்லை. அதை இப்போது எந்த வாயால் சொல்வது?