நீல டிரம் தண்ணீர்

...குடித்த மாதிரிதானே செய்தோம், டிரம்மிலிருந்து மொண்டு கொடுத்த டம்ளரை உதட்டில் வைத்துத் தொண்டையைக்கூட அசைத்துக் காட்டினோமே, தையற்காரி ஊசியில் நூல் கோக்கக் குனிந்த பிறகுதானே செடித்தொட்டியில் ஊற்றினோம், யார் பார்த்திருக்கப்போகிறார்கள்... மாடிப்படி ஏறும்போதெல்லாம் இந்த நினைப்பு இவளுக்கு வந்துவிடுகிறது, ஒரு மாதம் ஆகியும் விடவில்லை. இன்றைக்கு ஏறுவது வேறு காரியத்துக்கு. தையற்காரியின் நாலு வயது மகளுக்கு நேற்றிலிருந்து வயிற்றுப்போக்கு, உப்புக் கரைசல் பாக்கெட்டோடு உடனே போ என்று சேவைக் குழுவின் நர்ஸ் அக்கா துரத்தியிருக்கிறாள். எப்படி வந்திருக்கும்? வாரம் இரண்டு தடவை ஒவ்வொரு வீட்டு டிரம்மிலும் குளோரின் சொட்டுகளை எண்ணி எண்ணி விடுவது யார், இவள்தானே, படித்த படிப்பை ஓரங்கட்டிவிட்டு, சம்பளமில்லாத சேவை என்று விமானமேறி முன்பின் தெரியாத நாட்டுக்கு வந்து, அவர்கள் பாஷையையும் தட்டுத்தடுமாறிக் கற்றுக்கொண்டு, தைரியமாகக் குடியுங்கள், ஒன்றும் பண்ணாது என்று இருபத்திரண்டு வீட்டில் சொன்னவள். அதே வாய்தான் ராத்திரி போனில், கடைத் தண்ணிதான்மா குடிக்கிறேன், கவலைப்படாதே என்று அம்மாவிடம் சொல்லும். ஊருக்குத்தான் உபதேசம். தோள்பையில் பிளாஸ்க் குலுங்கியது, அதிலும் கடைத் தண்ணீர்தான்.

தையல் இயந்திரம் ஓடவில்லை. அறையில் அது ஓடாமல் இவள் பார்த்ததே கிடையாது. குழந்தை பாயில் துணிச்சுருளாகக் கிடந்தது, உதடு வெடித்து, கண் உள்ளே போய், பெயர் சொல்லிக் கூப்பிட்டால் மட்டும் இமை அசைந்தது. பாக்கெட்டைப் பிரித்துக்கொண்டே தண்ணீர் கேட்டாள். தையற்காரி மூலையிலிருந்த நீல டிரம்மைத் தாண்டிப்போய், மேடையிலிருந்த குடத்தைச் சாய்த்தாள். டிரம்மிலிருந்து எடுக்கச் சொன்னாள் இவள்.

“அது வேணாம்மா. ஒரு மாசமா துணி நனைக்கத்தான் வெச்சிருக்கோம். குடிக்கிறதுக்குத் தெருக்கோடிக் கிணத்துத் தண்ணி.”

ஒரு மாதமா? எப்போது வந்தாலும் டிரம் வழிய வழிய நிறைந்திருக்குமே, எவ்வளவு பொறுப்பான குடும்பம் என்று பதிவேட்டில் வேறு எழுதினோமே, குடிக்கிற வீட்டில் குறையாமல் இருக்குமா என்று தோன்றவே இல்லையே, நாமெல்லாம் என்ன படித்துக் கிழித்தோம்... ஏன் என்று கேட்டாள். கேட்காமலே தெரிந்துவிட்டது, ஆனாலும் கேட்டாள்.

“மருந்து விட்ட நீங்களே குடிக்காம செடித்தொட்டில ஊத்தினீங்க. அதுல என்னமோ இருக்குன்னுதானே அர்த்தம்? பக்கத்து வீட்லயும் சொல்லிட்டேன்.” கோபமே இல்லாத குரல். “நர்சம்மாகிட்ட மட்டும் சொல்லல. உங்க வேலை போயிடுமே, பாவம்.”

வேலையா? இழப்பதற்கு வேலைகூட இல்லாதவளின் வேலையைக் காப்பாற்ற ஒருத்தி ஒரு மாதம் வாயைக் கட்டிக்கொண்டு, அசுத்தமான கிணற்றில் நீர் இறைத்துச் சுமந்திருக்கிறாள். நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது. செருப்பால் அடித்திருந்தால்கூடத் தாங்கியிருக்கலாம், இந்தப் பாவத்தைத் தாங்க முடியவில்லை. கை பைக்குள் போனது. பிளாஸ்க்கை எடுத்தால் குழந்தைக்கு இப்போதே கலக்கலாம், ஆனால் எடுத்துவிட்டால் அப்புறம் இந்தச் சந்தில் எந்த டிரம்மை யார் நம்புவார்கள்... இது நியாயமான யோசனையா, இல்லை மானம் போய்விடும் என்ற பயமா? இரண்டும் ஒரே குரலில்தான் பேசின.

டிரம்மைத் திறந்தாள். ஒரு டம்ளர் மொண்டு தையற்காரியின் முகத்தைப் பார்த்துக்கொண்டே முழுக்கக் குடித்தாள், இந்தத் தடவை தொண்டை நிஜமாகவே அசைந்தது. மருந்து வாசனை. இன்னொரு பாத்திரத்தில் மொண்டு உப்புக் கரைசலைக் கலக்கி நீட்டினாள். அன்றைக்குச் செய்தது என் தப்பு, தண்ணீரில் தப்பே இல்லை என்றாள். தையற்காரி குழந்தையின் தலையை மடியில் ஏற்றி, ஸ்பூனில் எடுத்து, உதட்டருகே கொண்டுபோய் நிறுத்தினாள்.

“குடுக்கலாமா?”

“குடுங்க. ஒண்ணும் பண்ணாது.”

ஸ்பூன் நகரவில்லை. தையற்காரி இவள் முகத்தைப் பார்க்கவில்லை, சற்றுக் கீழே பார்த்துக்கொண்டிருந்தாள். எதை என்று இவளும் குனிந்தாள். தன் கை தன் வயிற்றை அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்தது, எப்போதிலிருந்து என்று இவளுக்கே தெரியவில்லை.